விவரத் தாளில் இல்லாத வரி

கார் வாங்க எண்ணுகிறவர் முதலில் கையில் எடுப்பது விவரத் தாளைத்தான். அதில் எஞ்சினின் கன அளவு இருக்கும், குதிரைத்திறன் இருக்கும், முறுக்கு விசை எத்தனை சுழற்சியில் உச்சம் தொடுகிறது என்பதும் இருக்கும். அந்த எஞ்சின் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற வரி மட்டும் இராது. யாப்பு கற்றவர்க்கு இது புதிதன்று. சீரும் தளையும் வழுவாமல் அமைந்த வெண்பாக்கள் எத்தனையோ மறுநாளே மறக்கப்பட்டிருக்கின்றன. அளவுகள் ஒரு பொருளின் அமைப்பைச் சொல்லும், ஆயுளைச் சொல்லா. டர்போ பொருத்திய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நம்பத்தக்கதா என்ற வாதத்தில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஸ்வீடன் நாட்டு சாப் நிறுவனத்தின் எஞ்சின் குடும்பம் ஒன்றின் வரலாற்றைக் கொண்டு இதை விளக்க முயல்வோம்.

டர்போவின் தத்துவம் எளியது. எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் கழிவு வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். ஆனால் அந்த அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுழல வல்லது. கொதிக்கும் வாயுவுக்கு அருகில் அது சுழல்வது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல். டர்போவின் உயிர் அந்தப் படலத்தில் இருக்கிறது.

1973இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2002 டர்போ என்ற காரை 170 குதிரைத்திறனுடன் கொண்டுவந்தது. அழுத்தம் தாமதமாக வந்து திடீரெனப் பாயும் இயல்புடைய அந்தக் காரில் 1,672 மட்டுமே செய்யப்பட்டன. சாப் நிறுவனத்தார் வேறு வழியில் சிந்தித்தனர். பெர் யில்பிராண்ட் என்ற பொறியாளரின் முயற்சியில் உருவாகி, 1977இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட சாப் 99 டர்போ, பந்தயத் திடலை நோக்கிச் செய்யப்பட்டதன்று. அன்றாடச் சாலையை நோக்கிச் செய்யப்பட்டது. கன அளவு 1,985 கன சென்டிமீட்டர். திறன் 145 குதிரை. முறுக்கு விசை 3,000 சுழற்சியிலேயே உச்சத்தை எட்டும். சிறிய டர்போவை எடுத்துக்கொண்டு, அழுத்தம் அளவு மீறும்போது கழிவு வாயுவை வேறு வழியில் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற வால்வையும் வைத்தனர். எவ்வளவு கறக்கலாம் என்று கேளாமல், எங்கே நிறுத்தலாம் என்று கேட்ட அறிவு இது.

1980களின் தொடக்கத்தில் அந்த அறிவு மேலும் ஒரு படி சென்றது. அழுத்தம் கூடினால் எரிபொருள் தன்போக்கில் வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பர். எஞ்சினின் உடலில் ஓர் உணர்வி பொருத்தி, அந்த ஒலியின் முதல் அறிகுறியிலேயே அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் சாப் செய்தது. தரம் குறைந்த பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் சற்றே திறன் குறைந்து ஓடும், உடையாது.

இதற்குச் சோதனை 1986 அக்டோபரில் வந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துத் தாலடேகா பந்தயத் திடலில் மூன்று சாப் 9000 டர்போ கார்கள், எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் நின்ற நேரம் போக, இரவும் பகலும் ஓட்டப்பட்டன. ஒவ்வொன்றும் 1,00,000 கிலோமீட்டர் ஓடி முடித்தது. அவற்றுள் முந்திய காரின் சராசரி வேகம், நின்ற நேரத்தையும் சேர்த்தே, மணிக்கு 213 கிலோமீட்டர். ஏறத்தாழ 20 நாள் ஓட்டம். டர்போ என்றாலே சீக்கிரம் கெட்டுப்போகும் என்போர்க்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இராது. அதே குடும்பத்தில், அதே 90 மில்லிமீட்டர் விட்டமும் 78 மில்லிமீட்டர் வீச்சும், அதே 1,985 கன அளவும் கொண்டு பின்னர் வந்த எஞ்சினும், அதன் 2.3 லிட்டர் உடன்பிறப்பும் 1990களின் இறுதி முதல் 2003 வரையிலான கார்களில் வேறொரு பெயரைச் சம்பாதித்தன. எஞ்சின் ஆயில் தார்போல் இறுகி அடியில் தங்கியது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்தது. ஆயில் கிட்டாத பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின்கள் மாண்டன. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் அமைப்பு போதாமல் இருந்தது, ஆயில் மாற்றும் இடைவெளி நீட்டப்பட்டிருந்தது, வெப்பம் மிகுதி. நிறுவனம் பின்னர் ஆவிக்குழாய் அமைப்பைத் திருத்தியது. உரிய காலத்தில் ஆயில் மாற்றியதற்குச் சான்று காட்டியவர்க்கு உத்தரவாதத்தை எட்டாண்டாக நீட்டியது.

விவரத் தாளில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பின்னதே உயர்ந்தது: திறன் மிகுதி, செலவு குறைவு, பராமரிப்புக்குப் போக வேண்டிய முறையும் குறைவு. அந்தக் கடைசிச் சிறப்புதான் எஞ்சினைக் கொன்ற காரணங்களுள் ஒன்று. நன்மையாக விளம்பரப்படுத்தப்பட்டது, உண்மையில் காலம் தாழ்த்தி வசூலிக்கப்பட்ட கடன்.

கடனை அடைத்தவர் யார் என்பதே நம்மை உறுத்தும் கேள்வி. புதிதாய் வாங்கியவர் மூன்று, நான்கு ஆண்டில் விற்றுவிடுவார். ஆயில் மாற்றாத பணமும் அவருக்கு மிச்சம். ஏழாம் ஆண்டில், சேமித்த சிறு தொகையைக் கொடுத்துப் பழைய காராக வாங்குகிறவரின் கையில்தான் எஞ்சின் உயிர்விடும். முன்னவர் செய்யாததற்குச் சான்றை அவர் எங்கே தேடுவார்? நம்பகம் என்பது உலோகத்தின் குணம் மட்டுமன்று. முகம் தெரியாத ஒருவரிடம் இன்னொருவர் காட்டும் நேர்மையும்தான்.

எல்லாப் பழியையும் அந்நாளில் சாப்பைக் கையகப்படுத்திய ஜெனரல் மோட்டார்ஸின் கணக்கர்கள்மீது போடும் அன்பர்கள் உண்டு. அது பாதி நியாயமே. வெப்பமும் ஆவியும் பொறியாளர் அறியாதவை அல்ல; இருபதாண்டுக்கு முன் எல்லை வகுத்த அதே மரபு, இப்போது எல்லையை வகுக்கவில்லை என்பதே உண்மை. 2011 டிசம்பரில் அந்நிறுவனம் திவாலானது. இழப்பு பெரிதே, ஆயினும் இறந்தவரின் பெருமையைப் பாடுகையில் அவர் வைத்துப்போன கடனை மறைப்பது விமரிசனம் ஆகாது.

சிறிய டர்போ எஞ்சின்கள் இன்று உலகெங்கும் வழக்காகிவிட்டன. வாங்குவோரிடம் நாம் சொல்ல விரும்புவது சிறிதே. குதிரைத்திறனைப் பார்த்தபின், ஆயிலை எப்போது மாற்றச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சொன்னதற்கும் முன்பாகவே மாற்றுங்கள். நெடுந்தொலைவு விரைந்து வந்தபின் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். மாற்றிய ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, விற்கும் நாளில் காரோடு கொடுங்கள். விவரத் தாளில் இல்லாத அந்த வரியை உரிமையாளரே எழுத வேண்டியிருக்கிறது; படிக்கப்போகிறவர் நமக்கு அடுத்து வருகிறவர்.