பாட்டுப் புத்தகம் இருக்கு... வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருக்குமா?

நூலகர் ஒருவர் பழைய சினிமா நோட்டீஸைப் புரட்டிக்கொண்டோ, புதுசாக வந்த ஆப் ஒன்றை செல்போனில் நோண்டிக்கொண்டோ இருந்தால், 'சும்மா பொழுது போக்குறாரு' என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் அவர் வேலையில் சேர்த்திதான். எப்படி என்கிறீர்களா? புதுக்கோட்டையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பி.யு.சின்னப்பாவை உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டிக்குத் தெரிந்திருக்கும். பெயரின் முதல் எழுத்தான 'பி', புதுக்கோட்டையைக் குறிப்பது. 'உத்தம புத்திரன்' (1940) படத்தில் இரட்டை வேடம் போட்டு அசத்தியவர். தியாகராஜ பாகவதருக்கே போட்டியாக இருந்தவர். 1951-ல் காலமானார்.

அந்தக் காலப் படங்கள் பலவற்றுக்கு இன்று பிரதியே இல்லை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படமும் நம்மிடம் இல்லை. அன்றைய ஃபிலிம் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும், சீக்கிரம் கெட்டுப்போகும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்ட சுருள்களும் உண்டு.

பிறகு எப்படி அந்தப் படங்களில் யார் நடித்தார்கள், என்ன கதை, எத்தனை பாட்டு என்றெல்லாம் இன்று எழுத முடிகிறது? பெரிய அளவில் கைகொடுப்பது பாட்டுப் புத்தகங்கள்தான். தியேட்டரில் சில்லறைக் காசுக்கு விற்ற மெல்லிய புத்தகம். கதைச்சுருக்கம், நடிகர்கள் பெயர், பாடல் வரிகள் எல்லாம் அதில் இருக்கும். பழசானால் பழைய பேப்பர் கடைக்குப் போகிற பொருள் அது.

அதை எடுத்து வைக்கவும் ஒருவர் இருந்தார். புதுக்கோட்டைக்குப் பக்கத்து மாவட்டமான சிவகங்கையில், காரைக்குடியை ஒட்டிய ஊர் கோட்டையூர். அங்கே வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமா பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் தூக்கிப்போடுவதையும் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால், கடல் தாண்டிக் கொண்டுபோகவில்லை. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் தேடிப்போகும் முக்கியமான இடங்களில் அது ஒன்று.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்திலும் அப்படி ஒரு இடம் உண்டு. ஆசிரியர் பா.கிருஷ்ணமூர்த்தியும், அவர் மனைவி பேராசிரியர் டோரதியும் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டு உருவாக்கிய 'ஞானாலயா' ஆய்வு நூலகம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், முதல் பதிப்புகள், பழைய இதழ்கள் என்று அங்கே இருக்கின்றன. ஒரு பழைய வார இதழில் கதைகள் மட்டுமா இருக்கும்? அந்த வருஷம் என்ன சோப்பு விற்றது, எந்த ஹீரோயின் அட்டையில் வந்தார், வாசகர்கள் எதற்குக் கோபப்பட்டார்கள் என்பதும் அதில்தான் இருக்கும்.

சரி, இப்போது நம் காலத்துக்கு வருவோம். பாட்டுப் புத்தகத்தின் இடத்தில் இன்று இருப்பவை மீம், ரீல்ஸ், ஃபேன் பேஜ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ஸ்டேட்டஸுக்கு ஆயுள் 24 மணி நேரம். ஒரு காலத்தில் எல்லோரும் குடியிருந்த ஆர்குட், 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. போட்டோக்களை எடுத்துக்கொள்ளச் சில காலம் அவகாசம் தந்தார்கள். எடுக்காதவர்களுக்குப் போனது போனதுதான்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோடு பரவலாகும் முன்பு, 1990-களில் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துருவில் தமிழைப் போட்டது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கொக்கிகளும் குறிகளுமாகத்தான் தெரியும். 1940-ல் அச்சான பாட்டுப் புத்தகத்தை இன்று எடுத்தாலும் படிக்கலாம். 1998-ல் டைப் செய்த தமிழைப் படிக்க அதற்கான எழுத்துருவையோ, மாற்றித்தரும் மென்பொருளையோ தேட வேண்டியிருக்கிறது.

அச்சுப் புத்தகத்துக்காவது சட்டம் இருக்கிறது. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் போக வேண்டும். அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது இணையம் ஏது? இந்தப் பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனில் மட்டும் வருகிறது. பத்து வருஷம் கழித்து இது எங்கே இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது. அப்படியென்றால் மக்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பகிர்கிறார்கள் என்பதையும் நூலகர் கவனிக்கத்தானே வேண்டும்? 1998 பொங்கலில் தன்னார்வலர்கள் தொடங்கிய 'மதுரைத் திட்டம்', ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கும் 'நூலகம்' எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

நாமும் கொஞ்சம் செய்யலாம். காசு செலவில்லை.

முதலாவது, உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் பக்கம் ஏதாவது இருந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் 'வேபேக் மெஷின்' பகுதிக்குப் போய் அந்த முகவரியை ஒட்டி, சேமிக்கும் பட்டனைத் தட்டுங்கள். பெரும்பாலான பக்கங்களுக்கு ஒரு நகல் அங்கே தங்கிவிடும்.

இரண்டாவது, ஃபேமிலி குரூப்பில் வரும் பழைய போட்டோவைச் சேமிக்கும்போது யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பெயர் கொடுத்து வையுங்கள். 'ஐஎம்ஜி' என்று தொடங்கும் ஒரு நம்பர் உங்கள் பேத்திக்கு எதையும் சொல்லாது.

மூன்றாவது, பரண் மேல் பழைய பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், தீபாவளி மலர் கிடந்தால் எடைக்குப் போடும் முன் பக்கத்திலுள்ள நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒருவேளை அவர் தேடிக்கொண்டிருக்கும் கடைசிப் பிரதி அதுவாகவே இருக்கலாம்!