தேர்வில் தவறியது மாணாக்கரா, மொழியா?

வ.உ.சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரம் வானத்தையே நம்பியிருக்கும் கரிசற் பகுதி. பருத்தியும் உளுந்தும் விளைத்தும், கோவிற்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலிற் கைதேய உழைத்தும் இங்குள்ள பெற்றோர் தம் மக்களைக் கல்லூரிக்கு விடுக்கின்றனர். அவருட் பலர் தம் குடியில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர். பன்னிரண்டு ஆண்டு தமிழிற் கற்றவர், முதற் பருவத்திலேயே இயற்பியலையும் வணிகவியலையும் ஆங்கிலத்திற் கேட்டுத் திகைக்கின்றனர். ஒரு தாள் நிலுவையாகிறது. அடுத்த பருவத்தில் மூன்றாகிறது. பின்னர் அவர் வகுப்பிற்கே வருவதில்லை. ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இத் தீர்ப்பு முறையானதா? கணக்கறிஞர் இராமானுசன் 1904-இல் குடந்தை அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறவே அத்தொகையை இழந்தார். கணக்கில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டார் என்பதும் உண்மையே. பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் தேறவில்லை. அவரே 1918-இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். கல்லூரித் தேர்வு அவருடைய குறையைக் கண்டது, நிறையைக் கண்டிலது.

ஆசிரியர் செய்யத்தக்கது யாது? கதிர் முற்றியபின் களையெடுப்பார் இலர். முதல் அகத்தேர்வு முடிந்த கிழமையிலேயே, மதிப்பெண் குன்றியவரையும் வருகை குறைந்தவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுக. வகுப்பினர் முன் இகழற்க. பாடம் விளங்கவில்லையா, ஆங்கிலம் விளங்கவில்லையா, வேலைக்குச் சென்று வருவதாற் படிக்கப் பொழுதில்லையா, பேருந்துக்குப் பணமில்லையா எனக் கேட்டறிக. நோய் வேறாயின் மருந்தும் வேறன்றோ? தவறிய வினாவையே தமிழிற் கேட்டுப் பாருங்கள். தெளிவாக விடை கூறுவாராயின், அவர் பாடத்தில் தவறவில்லை, மொழியிலேயே தவறினார்.

அத்தகையோர்க்கு முதலிற் பொருளைத் தமிழில் விளக்குக. அதன்பின் ஆங்கிலக் கலைச்சொல்லைத் தருக. கிழமைக்கு ஒரு விடையேனும் எழுதச் செய்து திருத்தித் தருக. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் முன்னர் வெளியிட்ட கல்லூரித் தமிழ்நூல்கள் இதற்குத் துணையாகும்.

நம்மவர்க்கும் ஒரு சொல். தமிழுணர்ச்சி ஒன்றை மட்டும் கொண்டு ஆங்கிலத் தாளை எழுதிவிட இயலாது. தேர்வு ஆங்கிலத்தில் உள்ளவரை, அதனை வெல்லப் பயிற்றுவதும் தமிழ்த்தொண்டே. தமிழ்வழி பயின்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. கல்லூரிப் படிப்பைக் கடக்கவே இயலாதவர்க்குப் பட்டம் வேண்டும் பணிகளில் அதனாற் பயன் என்ன?

கல்லூரிக் கல்வி முழுவதும் தமிழாகும்வரை போராடுவோம். அந்நாள் வருமுன் ஒரு கரிசற் பிள்ளையையும் இழவாதிருப்போம். பட்டம் பெற்ற தமிழன்பர் ஒவ்வொருவரும் தம் ஊரில் தவறி நிற்கும் ஒருவருக்கேனும் மாலைப்பொழுதில் ஆசிரியராகுக!