கூத்தை எப்படிப் பார்ப்பது?

அம்மன் கோவில் நோம்பிக்குக் கூத்து வைக்கும் ஊர்கள் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. முன்வரிசைப் பாயில் பெரியவர்கள் விடியும்வரை இருக்கிறார்கள். இளவட்டங்களோ வண்டியை ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால், “பாட்டு புரியல, ஒரே இழுவை, சொன்னதையே சொல்றாங்க” என்கிறார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. சினிமா பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கூத்து அப்படித்தான் தெரியும். ஆனால் இவர்கள் குறையென்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும் கூத்தில் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இவர்களில் பாதிப்பேர் விடியும்வரை இருந்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் நேரம். இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும் கூத்து கிழக்கு வெளுக்கும்போதுதான் முடியும். இத்தனை நேரம் எதற்கு? கூத்தில் கதையின் முடிவு யாருக்கும் புதிதல்ல. வில்லிபுத்தூரார் பாரதம் பாடி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கர்ணன் சாவான் என்பது மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பு இங்கே வேலை செய்வதில்லை. தெரிந்த கதையை இன்றைக்கு இந்த ஆட்டக்காரர் எப்படிக் கொண்டுபோகிறார், எந்த இடத்தில் நிறுத்தி ஆடுகிறார், எந்தப் பாட்டில் நம்மை உலுக்குகிறார் என்று பார்க்கத்தான் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கண்ணயர்ந்தாலும் தப்பில்லை. சண்டைக்கு எழுப்பிவிடச் சொல்லிவிட்டுத் தூங்குவது கூத்துப் பார்ப்பவர்களின் பழைய வழக்கம். 1985இல் பிரான்சின் அவிஞ்ஞோன் நாடக விழாவில் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஒரு கல்குவாரியில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் நடத்தினார். அங்கும் இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்தார்கள். நீளமான கதைக்கு நீளமான இரவு வேண்டும் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்து, சொன்னதையே சொல்லும் சங்கதி. வேடக்காரர் ஓர் அடி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு, திறந்த வெளியில் நாலு பக்கமும் கூடியிருந்தவர்களுக்குப் பாட்டு போய்ச் சேர வேறு வழி இருக்கவில்லை. இன்று மைக் இருந்தும் அந்த முறை தொடர்வதற்குக் காரணம் ஆட்டம். கலியாணமுருங்கைக் கட்டையில் செதுக்கிய புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கிரீடமும் கட்டிக்கொண்டு, காலில் சலங்கை கனக்க, ஆள் சுழன்று சுழன்று ஆட வேண்டும். அவர் பாடிய அடியைப் பின்பாட்டு வாங்கிக்கொள்ளும் நேரத்தில்தான் அவருக்கு மூச்சும் கிடைக்கிறது, அடவு போடவும் முடிகிறது. பார்ப்பவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. முதல் தடவை ராகத்தைக் கேளுங்கள், இரண்டாம் தடவை சொல்லைப் பிடியுங்கள். அரைமணி நேரத்தில் காது பழகிவிடும்.

கூத்தில் நான் எல்லோரையும் நிறுத்திக் காட்ட விரும்பும் இடம் ஒன்று உண்டு, அது திரைப் பிரவேசம். இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அதற்குப் பின்னால் வேடம் வந்து நின்றுவிட்டது என்பதை முதலில் சலங்கைதான் சொல்லும். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் ஆடும். உள்ளிருந்து விருத்தம் கிளம்பும். குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை. மிருதங்கம் ஏறுகிறது, ஆர்மோனியம் பின்னாலேயே ஓடுகிறது. திரை கொஞ்சம் தாழ்கிறது, கண்ணும் அரிதாரமும் ஒரு நொடி தெரிகின்றன, மறுபடி மூடிக்கொள்கிறது. குழந்தைகள் எழுந்து எக்கிப் பார்ப்பார்கள். கூட்டத்தின் ஆவல் முழுக்கத் திரண்ட பிறகுதான் துணி விலகும்; துரியோதனன் களத்துக்குள் பாய்வான். இரண்டு முழத் துணியை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்யலாம் என்பது நம் ஆட்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகளைச் சொல்கிறது. தாமதமாகப் போய் இந்த இடத்தைத் தவறவிட்டவர்கள் பாவம்.

கோமாளி வந்து ராஜாவைப் பார்த்து “யார் சாமி நீ?” என்று கேட்பதும், ராஜா தன் பெருமையைத் தானே பாடிச் சொல்வதும் புதிதாகப் பார்ப்பவருக்கு விநோதமாகப் படும். கூத்தில் பாத்திரத்துக்கு முகவரி எழுதுவது கோமாளிதான். அவனே வாயிற்காவலன், தூதன், வேலைக்காரி, ஊர்க்காரன் எல்லாம். ராஜா செய்யுள் நடையில் பேச, இவன் நம்மூர்ப் பேச்சில் அதற்குப் பொருள் சொல்லிவிடுவான். பாரதத்துக்கும் பஸ் கட்டணத்துக்கும் முடிச்சுப் போடுவதும் இவன் வேலைதான். கோமாளி பேச்சு கொச்சை என்ற புகாரைத் தள்ளிவிட முடியாது. சிலர் வரம்பு மீறுகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் இருக்கும் களத்தில் அது தேவையில்லை. ஆனால் ராஜாவை எதிரே நின்று கேலி பேசும் உரிமை உள்ள ஒரே ஆள் அவன். அந்த வாயை முழுக்க அடைத்துவிட்டால் கூத்தில் உப்பிருக்காது.

நடுநடுவே ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் இத்தனை ரூபாய் அன்பளிப்பு என்று அறிவிப்பது பலருக்கு எரிச்சலூட்டுகிறது. ஆனால் பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் இருபத்தேழாம் அத்தியாயத்தில் நாடகத்தின் வெற்றியை அளப்பது எப்படி என்று பேசுகிறது. பார்ப்பவர் புன்னகைப்பது, வாய்விட்டுச் சிரிப்பது, ‘பலே’ என்று குரல் கொடுப்பது, மயிர்க்கூச்செறிவது, இருந்த இடத்தைவிட்டு எழுவது, துணியையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுப்பது எல்லாம் அதில் மானிட வெற்றி. அரங்கம் நிறைந்திருக்க, ஒரு சத்தமும் இல்லாமல் எல்லோரும் லயித்துப் போவது தெய்விக வெற்றி. களத்துக்குள் வந்து ஆட்டக்காரருக்குத் துண்டு போர்த்தி, நூறு ரூபாயை ஊக்கில் குத்திவிட்டுப் போகும் விவசாயி அந்த அத்தியாயத்தைப் படித்ததில்லை. படிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

அந்தச் சத்தமில்லாத நிலையைப் பார்க்க வேண்டுமானால் கர்ண மோட்சக் கூத்தில் பொன்னுருவி வரும் கட்டம் வரைக்கும் இருங்கள். தேரோட்டி மகன் என்று கணவனை ஒதுக்கிவைத்தவள் பொன்னுருவி. சாகப் போகிறோம் என்று தெரிந்தே கர்ணன் அவளிடம் விடைபெற வருகிறான். பொன்னுருவியாக நிற்பவர் பெரும்பாலும் ஆண். முதல் ஐந்து நிமிடம் அவரது தோளும் மணிக்கட்டும் அதைக் காட்டிக்கொடுக்கும். அப்புறம் அவர் கர்ணனின் கையைப் பற்றி அழும்போது, பாயில் இருக்கும் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நடிப்பது யார் என்ற நினைப்பு அப்போது யாருக்கும் இருக்காது. தமிழகத்தின் வட பகுதிகளில் இறந்தவரின் பதினாறாம் நாளில் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் இருக்கிறது. துக்கத்தில் இருக்கும் வீட்டாருக்கு அது பொழுதுபோக்கல்ல, சடங்கின் ஒரு பகுதி.

இப்படி ஆட்டமும் வழிபாடும் ஒன்றாகிவிடும் இடங்கள் இன்னும் உண்டு. துகிலுரியும் கட்டத்தில் பல ஊர்களில் ஆட்டம் நின்று கற்பூரம் ஏற்றப்படும். துச்சாதனன் வேடக்காரர் திரௌபதையம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சேலையைத் தொடுவார். அர்ச்சுனன் தபசில் நட்ட மரத்தின் உச்சியிலிருந்து எறியப்படும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். மழைக்காக விராட பருவம் வைப்பார்கள். இந்த நேரங்களில் விளக்கடித்துப் படம் பிடிக்காமல், எல்லோரும் எழுந்தால் நாமும் எழுந்து நிற்பதுதான் முறை.

ஆட்டக்காரர்களில் பலருக்குப் பகலில் காட்டுவேலை, தறிவேலை. செட்டுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, பேசிய தொகையைப் பங்கு பிரித்தால் தலைக்கு வருவது குறைவு. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து ‘மணல்வீடு’ சிற்றிதழ் நடத்திவரும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன், ‘களரி’ அமைப்பு வழியாக இந்த வட்டாரக் கூத்துக் கலைஞர்களுக்கு மேடையும் மரியாதையும் தேடித்தந்து வருகிறார். ஆனால் ஒரு அமைப்பு எவ்வளவு தாங்கும்? கூத்தைத் தாங்குவது பாயில் உட்காரும் கூட்டம். சீக்கிரமே போய், வேடம் கட்டும் கொட்டகையில் முகத்துக்கு அரிதாரம் ஏறுவதைத் தள்ளி நின்று பாருங்கள். பின்பாட்டுக்காரர்களின் முகம் தெரியும்படி பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால், வந்திருக்கும் வேடம் யார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் கதையையே சொல்லிவிடுவார். கையில் இருப்பதை அன்பளிப்பாகக் கொடுங்கள். விடிந்ததும் வேடம் கலைத்துக்கொண்டிருப்பவர்களிடம் எந்த இடம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த கூத்து எந்த ஊரில், என்றைக்கு என்று குழுவை நடத்தும் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.