பாஸ்வேர்ட் பெட்டியும் வாசல் சாவியும்



இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் நம்மில் பலர் ஒரு பையை மட்டும் கைவிடவில்லை. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணாமல் போனவரின் புகைப்படம் எல்லாம் அந்த ஒரே பைக்குள் இருந்தன. பானையும் பாயும் போனாலும் பை போகக்கூடாது. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், யுத்தம் முடிந்ததும் உறவுகளைத் தேடி மறுபடி மலைக்கே வந்த குடும்பங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொல்பிட்டியவில் நாங்கள் கூடும் வகுப்பிலும் அப்படியான அம்மாக்கள் இருக்கிறார்கள்.

இன்று அந்தப் பை கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. அஸ்வெசும பணம் வரும் வங்கிக் கணக்கு, மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளுடன் பேசும் கணக்கு, ஈமெயில், பேஸ்புக் எல்லாம் அதற்குள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். "இதைச் சேமித்து வைக்கட்டுமா?" என்று போன் கேட்கிறது, நாமும் ஆம் என்று அழுத்திவிடுகிறோம். கூகுள் போன்களிலும் ஐபோனிலும் குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் போன்ற உலாவிகளிலும் இப்படிக் கடவுச்சொற்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி ஒன்று கூடவே வருகிறது.

"பாஸ்வேர்ட் எல்லாம் போனே ஞாபகம் வச்சிக்கிது மிஸ், நமக்கு என்ன கவலை?" என்று வகுப்பில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பெட்டியைப் பாவிப்பது பிழை என்று நான் சொல்லமாட்டேன். எல்லாக் கணக்குக்கும் மகனின் பிறந்த திகதியையே போடுவதை விட, பெட்டியே உண்டாக்கித் தரும் நீளமான கடவுச்சொல் எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பெரும்பாலும் தனிப் பூட்டு கிடையாது. போனைத் திறக்கும் பின் நம்பரும் கணினியைத் திறக்கும் கடவுச்சொல்லும்தான் அதற்கும் பூட்டு. லயன் காம்பராவின் வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே அலுமாரியைத் திறந்தபடி வைப்பது போன்ற ஏற்பாடு இது. வாசல் சாவி யாரிடம் இருக்கிறதோ, அலுமாரியும் அவருக்குத்தான்.

உள்ளே நடப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். விண்டோஸ் கணினியில் உலாவி சேமிக்கும் கடவுச்சொற்கள், புரியாத எழுத்துக்களாக மாற்றப்பட்டுத்தான் வட்டில் எழுதப்படுகின்றன. அவற்றைத் திரும்ப வாசிப்பதற்கான இரகசியத் திறப்பு, நீங்கள் கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. யாராவது உங்கள் கோப்பை மட்டும் பிரதி எடுத்து வேறு கணினியில் திறந்தால் வெறும் குப்பைதான் தெரியும். ஆனால் நீங்கள் நுழைந்து திறந்து வைத்த கணினியில் வேறொருவர் வந்து அமர்ந்தால், கணினி அவரையும் நீங்கள் என்றே நினைத்துக்கொள்ளும். கள்ள மென்பொருள்களும் இந்த வழியாகவே திருடுகின்றன. குரோம் 2024இல் விண்டோஸில் ஒரு மேலதிகப் பாதுகாப்பைச் சேர்த்ததற்கு இதுவே காரணம்.

இது பற்றி 2013 ஓகஸ்டில் ஒரு வாக்குவாதம் நடந்தது. எலியட் கெம்பர் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர், குரோமின் அமைப்புப் பக்கத்துக்குப் போனால் சேமித்த கடவுச்சொற்கள் எதுவும் கேட்காமலே கண்ணுக்குத் தெரிகின்றன என்று சுட்டிக்காட்டினார். குரோமின் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருந்த ஜஸ்டின் ஷூ அதற்குப் பதிலளித்தார். கணினிக்குள் ஒருவர் நுழைந்துவிட்ட பிறகு அவரைத் தடுக்க முடியாது, இன்னொரு பூட்டைப் போட்டுக் காட்டினால் அது பொய்யான நம்பிக்கையையே தரும் என்பது அவருடைய வாதம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் நம் வீடுகளை அவர் பார்த்ததில்லை. நம் போனைத் துருவுகிறவர் பெரும்பாலும் கணினி நிபுணர் அல்ல. சந்தேகம் கொண்ட கணவர், கொழுந்தனார், கடன் கொடுத்தவர், சில வேளைகளில் பெற்ற மகன். அவர்களுக்குக் கிடைப்பது நாம் தேநீர் ஊற்றப் போகும் இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தைத் தடுக்கச் சின்னப் பூட்டும் உதவும். குரோமும் பின்னர் கடவுச்சொல்லைக் காட்டுவதற்கு முன் கணினியின் கடவுச்சொல்லைக் கேட்கத் தொடங்கியது.

வெளித் திருடர்களைப் பற்றியும் ஒரு செய்தி. அமெரிக்காவில், கேளிக்கை விடுதிகளில் ஒருவர் பின் நம்பர் அடிப்பதைத் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, பிறகு அவரது ஐபோனைப் பறித்துச் செல்லும் திருட்டுகளை 2023இல் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் வெளிக்கொண்டு வந்தது. அந்த நம்பர் ஒன்றை வைத்தே திருடர்கள் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, சேமித்து வைத்தவற்றை எடுத்து, வங்கிப் பணத்தையும் எடுத்திருக்கிறார்கள். ஆப்பிள் 2024 ஜனவரியில் ஒரு மாற்றம் கொண்டு வந்தது. அதை இயக்கி வைத்தால், பழக்கமில்லாத இடத்தில் சேமித்த கடவுச்சொற்களைத் திறக்க முகமோ விரலோ கட்டாயம், நம்பர் செல்லாது.

நான்கு இலக்க நம்பரில் 10,000 சேர்க்கைகள், ஆறு இலக்கத்தில் 10 இலட்சம். பிழையாக அடிக்க அடிக்கப் போன் காத்திருக்க வைப்பதால், ஊகித்துத் திறப்பது அவ்வளவு இலேசல்ல. பார்த்துத் திறப்பதுதான் இலேசு. பஸ்ஸில் அடிக்கிறோம், கடையில் அடிக்கிறோம், போதாததற்குப் பிள்ளைகளுக்கு வாய்விட்டும் சொல்கிறோம்.

போன் திருத்தும் கடையில் பின் நம்பரைக் கேட்கிறார்கள், நாமும் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். சாம்சங் போன்கள் பலவற்றில் 2022இலிருந்து 'மெயின்டனன்ஸ் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துபவர் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களும் கணக்குகளும் அவருக்குத் தெரியாது. உங்கள் போனில் அது இல்லையென்றால், திருத்தி முடியும் வரை பக்கத்தில் நின்று நீங்களே நம்பரை அடியுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. கொமியுனிகேசன் கடைக் கணினியில் விண்ணப்பம் நிரப்பப் போனால், சேமிக்கட்டுமா என்ற கேள்விக்கு "வேண்டாம்" என்றே அழுத்துங்கள், எழும்பும்போது கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அந்தக் கணினிக்குள் எல்லோரும் ஒரே சாவியால்தான் நுழைகிறார்கள்.

வீட்டில் மடிக்கணினி இருந்தால் ஆளுக்கொரு கணக்கு வைப்பது நல்லது. விண்டோஸில் அதற்குக் காசு இல்லை. ஒரு கணக்கையே எல்லோரும் பாவித்தால் எல்லோருடைய கடவுச்சொல்லும் ஒரே பெட்டியில் விழும். பயர்பொக்ஸ் பாவிப்பவர்கள் பெட்டிக்கென்றே தனிக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். தானாக அது வராது, நாமே அமைக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது எல்லோருக்கும் பொருந்தாது, பொருந்துகிறவர்களுக்கு மிக அவசியம். சில வீடுகளில் பின் நம்பரை மாற்றினால் அன்று இரவே அடி விழும். அப்படியானால் மாற்ற வேண்டாம். அந்தப் போனின் பெட்டி உங்களுடையதல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான எதையும் அதில் சேமிக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரின் கருவியிலிருந்து புதிய ஈமெயில் ஒன்றைத் திறந்து, அதை வீட்டுப் போனில் ஒருபோதும் திறக்காமல் வைத்திருங்கள். வங்கியின் இரகசிய இலக்கம் குறுஞ்செய்தியாக வருவதும் அதே போனுக்குத்தான் என்பதால், வங்கிக்கு நேரில் போய்ப் பேசுவதே மேல். 1938 மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் அழைப்புப் பட்டியலில் அது பதிவாகும் என்பதை மறக்க வேண்டாம். அனுமதியில்லாமல் ஒருவரின் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். செய்தவர் கணவர் என்றாலும் முறைப்பாடு செய்யத் தயங்க வேண்டியதில்லை.

மற்றவர்கள் இன்றே ஒன்று செய்து பாருங்கள். போனின் அமைப்புக்குள் கடவுச்சொற்கள் என்ற பகுதியைத் திறவுங்கள். எதையும் கேட்காமல் உள்ளே விட்டால் உங்கள் போனுக்குத் திரைப்பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். பிறகு பதிவான விரல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். போன் வாங்கிய நாளில் கடைக்காரத் தம்பியோ மைத்துனரோ சோதித்துப் பார்க்க வைத்த விரல் இன்னும் அங்கே இருக்கலாம். அதை அழித்துவிடுங்கள்.

பின் நம்பரை மறந்துவிடுவோமே, தாளில் எழுதி வைக்கலாமா என்று வயதான அம்மாக்கள் கேட்கிறார்கள். வைக்கலாம். அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள், போன் உறைக்குள் மட்டும் வேண்டாம்.