மின்சாரம் வேண்டாத யந்திரம்

"டீசல் இஞ்சினுக்கு வேண்டியது காற்றும் டீசலும்தான், நின்றுபோனால் டீசல் பாதையைக் கழற்று, ஒயரைத் தொடாதே" என்னும் உபதேசத்தைப் பட்டறைத் திண்ணைகளிலும், பம்பு செட்டு நிழலிலும், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவோரின் சம்பாஷணைகளிலுமாக இருபது வருஷங்களாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிற்று. சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த உழவர் கூட்டமொன்றில் ஒரு பெரியவர் இதையே வேதவாக்கைப்போல மும்முறை உச்சரிக்க, சபையோரும் கரகோஷம் செய்யக் கண்டபின், இனியும் மௌனம் சாதிப்பது அந்த வாயில்லா யந்திரத்துக்கு நான் இழைக்கும் துரோகமாகும் என்று தோன்றியது.

பெரியவரின் முதற் பிரமாணம், டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பது. கிடையாதுதான். ருடால்ஃப் டீசல் 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் மகிமையே, பொறியில்லாமல் தீயை உண்டாக்குவதில் அடங்கியிருக்கிறது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் காய்ந்துவிடுகிறது. அதில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆனால் அரணிக் கட்டையில் தீ பிறக்கிறது என்பதால் அதைக் கடைவதற்குக் கையும் வேண்டாம் என்று எந்த வைதிகரும் சொன்னதில்லை. மந்தமாகச் சுற்றினால் நெருக்கிய காற்று ரிங்குகளின் ஓரமாகக் கசிந்தும், அதன் சூடு சிலிண்டர்ச் சுவரில் இறங்கியும் வீணாகிவிடும். ஓய்வில் 12.6 வோல்ட்டு காட்டும் பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே சரிந்துவிட்டால், தூவிய டீசல் எரியாமல் வெண்புகையாக வெளியே வருகிறது. அந்தப் புகையைக் கண்ட மாத்திரத்தில் நமது சித்தாந்திகள் "நாசில் போய்விட்டது" என்று தீர்ப்பளிக்கிறார்கள். இவர்கள் கைகூப்பித் தொழும் அந்த டீசல் பம்பைப் பெருவாரியாகச் செய்து 1927-ல் உலகுக்கு அளித்தது, 1886-ல் ஸ்டட்கார்ட்டில் ராபர்ட் பாஷ் தொடங்கிய, மேக்னெட்டோ செய்து பெயர் வாங்கிய ஒரு மின்சாரப் பட்டறை என்பதை அறிந்தால் என்ன சொல்வார்களோ!

இரண்டாவது, பாட்டன் காலத்து இஞ்சின் ஹேண்டிலைச் சுற்றினாலே ஓடியது என்கிறார். ஓடியது, பாட்டனின் மாட்டுவண்டிக்கும் பேட்டரி வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவதுதான் மூலாதாரமான தவறு: "ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் நின்றால், அது டீசலன்றி வேறில்லை." இதை நான் வாதத்தால் மறுக்கவில்லை, என் தமையனார் மகளின் விவாகத்தால் மறுக்கிறேன். வரவேற்பு நடந்துகொண்டிருந்த இரவில் ஊரில் மின்சாரம் போய், மண்டபத்து ஜெனரேட்டர் ஒரு நாழிகை ஓடிவிட்டுச் சட்டென்று நின்றது. விளக்கும் விசிறியும் ஒலிபெருக்கியும் ஒருங்கே அடங்கிய அந்த இருட்டில், எவருடைய தயவும் வேண்டாத நாதஸ்வரம் மட்டும் தடையின்றித் தோடியைத் தொடர்ந்தது. வந்த மெக்கானிக், செல்ஃப் ஜோராகச் சுற்றுவதையும், புகைபோக்கியில் இம்மியளவும் புகையில்லாததையும் பார்த்து, நாசிலுக்கு டீசல் போகவில்லை என்று கண்டுபிடித்தார், அதுவரை சரியே. பிறகு ஃபில்டரில் ஏர் எடுத்தார். குமிழியில்லாமல் டீசல் பொங்கிற்று. நாசில் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்திச் சுற்றச் சொன்னார். ஒரு சொட்டுகூட வரவில்லை. உடனே பம்பையே கழற்றிப் பக்கத்து டவுனுக்கு அனுப்பிவிட்டார். விவாகம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இனிதே நடந்தேறியது. இரண்டு நாள் கழித்துப் பம்பு, பழுதேதுமில்லையென்ற நற்சான்றுடனும் நான்கு புதிய நாசில்களுடனும் திரும்பி வந்து, டைமிங் வைத்துப் பூட்டப்பட்ட பின்பும், இஞ்சின் முன்போலவே ஊமையாயிருந்தது.

மூன்றாம் நாள் வந்தவன் மீசை அரும்பாத ஒரு எலக்ட்ரீஷியன் பையன். பம்பின் பக்கத்தில் சொலினாய்டு என்றொரு காந்தச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் அது லிவரை இழுத்து டீசலுக்கு வழி திறக்கும், மின்சாரம் அறுந்தால் ஸ்பிரிங்கு அந்த வழியை அடைத்துவிடும். பையன் என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுச் சொலினாய்டின் அருகே காதை வைத்துக் கேட்டான். கேட்க வேண்டிய 'டக்' சப்தம் கேட்கவில்லை. லிவரைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இப்போ செல்ஃப் அடிங்க ஐயா" என்றான். இஞ்சின் உறுமி எழுந்தது. நிறுத்திவிட்டு, டெஸ்ட் பல்பின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறு முனையைச் சொலினாய்டின் எர்த் ஒயரிலும் வைத்தான். பல்பு மினுக்கென்று அழுதது. முகூர்த்த மாதத்தை முன்னிட்டு ஜெனரேட்டருக்குப் பச்சை வர்ணம் பூசியவர்கள், எர்த் போல்ட்டு உட்காரும் இடத்துக்கும் தாராளமாகப் பூசி, பாதி முறுக்கோடு விட்டிருந்தார்கள். ஓட்டத்தின் அதிர்ச்சியில் மீதி முறுக்கும் விட்டுப்போயிற்று. உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, ஸ்பானரால் ஒரு முறுக்கு, வைத்தியம் முடிந்தது.

டீசல் பாதையிலே கோளாறே வராதென்று நான் சாதிக்க வரவில்லை. டேங்கு மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும், அரை டேங்கோடு கிடந்த இஞ்சினில் பனி நீர் இறங்கி ஃபில்டரின் அடியில் தேங்கினாலும், உறிஞ்சும் பக்கத்துச் செப்பு வாஷர் தளர்ந்து, வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலே காற்றை இழுத்துக்கொண்டாலும், இஞ்சின் நிற்கத்தான் செய்யும். ஆனால் இவற்றில் எதற்காவது பம்பைக் கழற்ற வேண்டுமா? மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போவதைக் கேட்கத் தெரிந்தவனுக்கு ஸ்பானரே வேண்டாமே!

கூட்டம் கலைந்தபின் பெரியவரிடம் இந்த விவாகக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே பொறுமையாகக் கேட்ட அவர், "ஆக, டீசல் போகாததால்தானே தம்பி நின்னுது?" என்றார்.