இலாங் இலாங் எண்ணெய் விற்க நினைப்போருக்கு

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் மசாஜ் அறைகளுக்கு நறுமண எண்ணெய் வழங்குவது திருமலை வியாபாரிகளுக்கு ஏற்ற தொழில்தான். ஆனால் அத்தர் விற்ற பழக்கத்திலேயே இதனையும் விற்கக் கூடாது என்பது எமது கருத்து.

இலாங் இலாங்கை எடுத்துக்கொள்வோம். கொமோரோஸ் என்ற சின்னஞ்சிறு முஸ்லிம் நாடும் அயலிலுள்ள மடகஸ்காரும் இதற்குப் பேர்போனவை. அதிகாலையில் பறித்த கனங்காப் பூவைப் பல மணிநேரம் நீராவியில் வடிப்பார்கள். முதலில் இறங்குவது 'எக்ஸ்ட்ரா'. பின்னர் 1ஆம், 2ஆம், 3ஆம் தரங்கள். பூ ஒன்றுதான், மணமும் விலையும் வேறு. வெறுமனே 'இலாங் இலாங்' என்றெழுதிய போத்தலில் இருப்பது எது?

செயற்கை வாசனை கலந்ததென்றால் கேட்கவே வேண்டாம். அத்தர் சட்டையில் ஒரு சொட்டு. இதுவோ உடம்பு முழுக்கத் தேய்ப்பது. சுத்தமான எண்ணெயே சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். அதனால்தான் சர்வதேச வாசனைப்பொருள் சங்கம் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறது.

தாவரப் பெயர், தரம், ஆய்வறிக்கை மூன்றையும் மொத்த விற்பனையாளரிடம் கேளுங்கள். கலப்படத்தை 'வாசனை எண்ணெய்' என்றே, மலிவாகவே விற்கலாம். 'நோய் தீர்க்கும்' என்று லேபலில் எழுத வேண்டாம். கறுத்த போத்தலில், வெயில் படாத தட்டில் வையுங்கள். நமது ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும்!