ஊசி வரும்வரை கால் காத்திருக்காது



"ஜீன் ஊசி போட்டால் காலில் புது ரத்தக்குழாய் முளைக்கும், விரலை எடுக்க வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. இது பாதி உண்மை. மீதியையும் படியுங்கள்.

வைரஸின் துணையில்லாமலே ரத்தக்குழாய்ச் சுவருக்குள் மரபணுவைச் செலுத்தலாம். பாஸ்டனில் ஜெஃப்ரி ஐஸ்னர் குழு, பலூன்மேல் பூசிய ஜெல்லில் டி.என்.ஏ.வை ஏற்றி, 71 வயது அம்மா ஒருவரின் கால் தமனிக்குள் அதை விரித்தது. நான்கு வாரத்தில் புதுக் கிளைக்குழாய்கள் படத்தில் தெரிந்ததாக 1996-இல் எழுதினார்கள். சிக்கல் என்னவென்றால், வைரஸ் இல்லாமல் போகும் டி.என்.ஏ.வில் மிகச் சிறு பங்குதான் செல்லுக்குள் நுழையும். அதன் வேலையும் கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும்.

காலின் தசையில் போடும் இதுபோன்ற மருந்துக்கு ஜப்பான் 2019-இல் நிபந்தனையோடு அனுமதி தந்தது. பிறகு அதிகம் பேரிடம் பார்த்தபோது பலன் உறுதிப்படவில்லை. 2024-இல் முழு அனுமதிக்கான விண்ணப்பத்தை நிறுவனமே திரும்பப் பெற்றது. இந்த நேர்மைதான் அறிவியல்.

ஆகவே, யாராவது காசு வாங்கிக்கொண்டு ஜீன் ஊசி போடுகிறேன் என்றால், "இதற்கு இந்தியாவில் அனுமதி உண்டா? தாளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று. அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதியில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். மரத்த பாதத்துக்குத் தார் சுடுவது தெரியாது. கபாலீசுவரர் கோபித்துக்கொள்ள மாட்டார். சிகரெட்டை விடுங்கள். தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விடுகிறதா? உடனே மருத்துவரிடம் போங்கள்.